போரிலிருந்து மீளுங் கல்வி

ஒருவனைப் போருக்கு அனுப்புதற்கு அரசுக்கு வேண்டுவது ஒரு சிறு கடிதமே. இன்ன நாளில் இன்ன இடத்தில் வந்து சேர்க என்னும் கட்டளை கைக்கு எட்டியதும், ஏரைப் பிடித்தவன் ஏரை விடுகின்றான். ஏட்டைப் பிடித்தவன் ஏட்டை மூடுகின்றான். ஆனால், அங்ஙனம் அனுப்பப்பட்டவனை மீண்டும் ஏருக்கும் ஏட்டுக்கும் உரியவனாக்குதற்கு வேண்டுவது யாது என்னும் வினா, போர் தொடங்கும் நாளிலே பலர் நெஞ்சிலும் எழுவதில்லை. கல்லூரியின் விழா மலரொன்றில் இவ்வினாவை எழுப்புதல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். கட்டாயப் படைச்சேவைக்குச் செல்பவன் பெரும்பாலும் இளைஞன். அவன் உள்ளத்திலே மானம் எனவும் கடமை எனவும் பதிந்தவற்றுட் பல பள்ளியிலே பதிந்தவை. ஆதலின் இது கல்வியைப் பற்றிய வினாவே என்பது நமது துணிபு.

இதனை விளக்குதற்கு யப்பான் தேசத்து யோக்கொய் ஷொயிச்சி என்பாரது வரலாற்றினும் தக்க சான்று கிடைத்தல் அரிது. 1915ஆம் ஆண்டு ஐச்சி மாகாணத்திலே பிறந்த இவர் தையற்றொழில் பயின்றவர். அத்தேசத்திலே 1873ஆம் ஆண்டு முதற்கொண்டு கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1941ஆம் ஆண்டிலே அச்சட்டம் இவரை அழைத்தது. ஊசியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை ஏந்தினார். முதலில் மஞ்சூரியாவுக்கும், பின்னர் பசிபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவுக்கும் அனுப்பப்பட்டார்.

குவாம் ஏறத்தாழ 210 சதுரமைல் பரப்புள்ள சிறு தீவு. 1898 முதல் அமெரிக்கர் வசமிருந்த அத்தீவினை 1941 டிசம்பரில் யப்பானியர் கைப்பற்றினர். அங்கு வாழ்ந்த சமோரோ மக்கள் அவ்வாட்சியின்கீழ்ப் பட்ட துன்பங்கள் பல. இறுதி நாட்களிலே முகாம்களுக்குத் துரத்தப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் உளர். ஒரு போர்வீரனுடைய துயரை எடுத்துரைக்கும்போது, அவனுடைய படையினால் துயருற்றோரை மறந்துவிடுதல் அறமாகாது.

1944 யூலை 21ஆம் நாள் அமெரிக்கப் படைகள் அங்குக் கரையிறங்கின. மூன்று வாரங்களுக்குள் ஏறத்தாழ 18,000 யப்பானிய வீரர் மாண்டனர். எஞ்சியோர் சிலர் காட்டினுள் மறைந்தனர். அவருள் யோக்கொய் ஒருவர். முதலிற் சிறு கூட்டமாயிருந்தோர் காலப்போக்கிற் பிரிந்தனர். இறுதியில் மூவரே அப்பகுதியில் எஞ்சினர். 1964ஆம் ஆண்டளவில் மற்றை இருவரும் இறந்துபட, அதன்பின் எட்டாண்டுகள் இவர் தன்னந்தனியராய் வாழ்ந்தார். நிமிர்ந்து நிற்றற்கும் இடமில்லாத நிலவறையொன்றைத் தோண்டிப் பகலில் அதனுட் கிடந்து, இரவில் வெளிப்போந்து இரை தேடினார். இறாலும் நத்தையும் எலியும் தேங்காயும் ஈரப்பலாவும் அவர்க்கு உணவாயின.

இங்கே நாம் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அக்காட்டிலே அவரை மனிதராக வாழவைத்தது எது? படைப்பயிற்சி மாத்திரமன்று. சீருடை கந்தலாகி உதிர்ந்தபோது, பூவரசின் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுமரமொன்றின் பட்டையை உரித்து, நாராக்கி, நூலாக்கி, தறியமைத்துத் துணி நெய்தார். கிடைத்த உலோகத் துண்டை அடித்து ஊசி செய்தார். அத்துணியை அளந்து வெட்டிச் சட்டையும் காற்சட்டையுமாகத் தைத்தார். பொத்தானும் பொத்தான் துளையும் முறையாக அமைந்த அவ்வுடைகளைப் பின்னாளிற் கண்டோர் வியந்தனர். காண்பார் ஒருவருமில்லாத காட்டிலே தையல் நேராக இருத்தல் வேண்டுமென்று அவர் கருதினாரே, அக்கருத்து எங்கிருந்து வந்தது? இளமையிலே தொழில் கற்ற பட்டறையிலிருந்தே வந்தது. சமாதான காலத்திற் கற்ற கல்வி அவருக்கு ஆடையாயிற்று. போர்க்காலத்திற் கற்ற கல்வியோ அவரை நிலவறையுள் அடைத்து வைத்தது.

போர் முடிந்த செய்தி எட்டாமையினாலன்றோ அவர் ஒளிந்திருந்தார் என வினவுவோர் உளர். அன்று. 1952ஆம் ஆண்டளவிலேயே போர் முடிந்ததைத் தாம் அறிந்திருந்ததாகப் பின்னர் அவரே கூறினார். அறிந்தும் அதன்பின் இருபது ஆண்டுகள் வெளிப்படாதிருந்தமைக்குக் காரணம் யாது? உயிருடன் பிடிபடுதல் இறத்தலினும் இழிவு என்று அவருக்குக் கற்பித்திருந்தனர். அவர் படைக்கு அழைக்கப்பட்ட அதே 1941ஆம் ஆண்டு சனவரியிலே, போர்மந்திரியாயிருந்த தோஜோவின் பெயரால் வீரர்க்குரிய ஒழுக்கக் கோவையொன்று வெளிவந்தது. சிறைப்பட்டு வாழும் இழிவுக்கு ஆளாகற்க என்பது அதன் விதிகளுள் ஒன்று. போரை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நடத்துவது, எவ்வாறு சாவது என்பவற்றையெல்லாம் வீரனுக்குக் கற்பித்தவர்கள், போர் முடிந்தபின் எவ்வாறு வாழ்வது என்பதைக் கற்பிக்கவில்லை. அறியாமை அவரைச் சிறைப்படுத்தியிருப்பின், வானத்திலிருந்து வீழ்ந்த ஒரு துண்டுப் பிரசுரமே விடுவித்திருக்கும். அவரைச் சிறைப்படுத்தியது வெட்கம்.

அக்கோவைக்குத் தம் பெயரைக் கொடுத்த தோஜோவின் கதியையும் ஈண்டு நினைத்தல் தகும். 1945 செப்டெம்பரில் அமெரிக்கர் கைதுசெய்ய வந்தபோது அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். ஆயினும் உயிர் பிழைத்துச் சிறைப்பட்டார். விசாரணையின்பின் 1948 டிசம்பரிலே தூக்கிலிடப்பட்டார். விதியை விதித்தவர் உயிருடன் பிடிபட்டு, நீதிமன்றத்தில் நின்று, முடிவும் எய்திவிட்டார். அதன்பின்னும் இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு தையற்காரர் அவ்விதியைக் காத்துக்கொண்டு மண்ணுக்குட் கிடந்தார். மேலிருந்து வந்த கட்டளை, மேலிருந்தோர் போனபின்னும் கீழிருந்தோரை விட்டுப் போவதில்லை.

இச்செய்தியைக் கேட்டு, யப்பானியரின் இயல்பே அது என்று கூறி அமைவோமாயின் நாம் நம்மை ஏமாற்றுபவராவோம். நமது பழந்தமிழ் இலக்கியத்திலும் இதனையொத்த குரல் உண்டு. மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்ட முதியாள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்துக் களத்திற் பிணங்களைப் புரட்டித் தேடியதைப் புறநானூறு பாடுகின்றது. வள்ளுவப் பெருந்தகையும் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இறந்துபட்ட வீரனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்தோம். அவற்றின் பெருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயின், மாண்டவனுக்கு நடுகல் நாட்டிய மரபு, மீண்டவனுக்கு என்ன செய்தது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

யோக்கொயின் தாயாரும் மகனுக்கு ஒரு கல் செய்வித்தார். மகன் இறந்தானென அரசு அறிவித்துவிட, 1955ஆம் ஆண்டிலே அவர் பெயருக்கு ஒரு கல்லறைக்கல் அமைந்தது. அந்நாளிலே மகன் குவாமிற் பட்டை உரித்துக்கொண்டிருந்தான். மாண்டார் என நாட்டினர் போற்றிய வீரர், உயிரோடிருத்தற்கு நாணி ஒளிந்திருந்தார்.

1972 சனவரி 24ஆம் நாள், தலபோபோப் பகுதியிலுள்ள ஆற்றில் இறாற்கூடு பார்க்கச் சென்ற தீவினர் இருவர் அவரைக் கண்டு பிடித்து ஊருக்குக் கொணர்ந்தனர். அவருக்கு அப்போது வயது 56. பெப்ரவரி 2ஆம் நாள் யப்பானில் வந்திறங்கியபோது, உயிருடன் மீண்டமைக்கு வெட்கப்படுவதாகவே அவர் கூறினார். வரவேற்க வந்தோர் கண்ணீர் விட்டனர். அவரோ மன்னிப்புக் கேட்டார். மறுநாள் சப்போரோ நகரிலே குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு விழா கோலாகலமாய்த் தொடங்கியது. போரை மறந்து செல்வத்தில் திளைத்திருந்த நாட்டிலே, போரை மறக்க இயலாத மனிதர் ஒருவர் வந்து நின்றார். 28 ஆண்டுக் காலத்துக்கு அவருக்குக் கிடைத்த படைச்சம்பளம் ஏறத்தாழ 300 டொலர் என்பர். சிறு ஓய்வூதியமும் உண்டு.

அதன்பின் அவர் நடத்திய குடிமகன் வாழ்க்கையையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். அவ்வாண்டு நவம்பரிலே திருமணம் செய்துகொண்டார். ஊர்தோறும் பேசினார், தொலைக்காட்சியிலே தோன்றினார், தேவையைச் சுருக்கி எளிமையாக வாழ்தலே சிறப்பென்று வலியுறுத்தினார். 1974இலே பாராளுமன்ற மேற்சபைக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். தோற்றதனால் நாணி அவர் ஒளிந்துகொள்ளவில்லை என்பது நோக்கத்தக்கது. 1991இலே பேரரசர் அக்கிஹித்தோவைக் காணும் வாய்ப்பும் பெற்றார். 1997ஆம் ஆண்டு செப்டெம்பரில், 82ஆம் வயதிலே காலமாகி, தாயார் செய்வித்த அதே கல்லின்கீழ் அடக்கப்பட்டார். அக்கல் தனக்குரியவருக்காக நாற்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. அவற்றுள் இருபத்தைந்து ஆண்டுகளை அவர் இல்லறத்தவராய் வாழ்ந்து கழித்தார். மனிதன் மீளக்கூடியவன் என்பதற்கு இதனிற் பெரிய சான்று வேண்டுமோ?

ஆயினும், மீள்வார் அனைவரையும் உலகம் ஒருபடித்தாக ஏற்பதில்லை. 1974 மார்ச்சிலே பிலிப்பைன்சின் லுபாங் தீவிலிருந்து வெளிவந்த ஒனொடா, ஒற்றர் பணிக்கெனப் பயிற்றப்பட்ட அதிகாரி. அவருடைய பழைய மேலதிகாரி, அப்போது புத்தக வியாபாரியாயிருந்தவர், நேரே சென்று கட்டளையைத் திருப்பிப் பெற்றுக்கொண்ட பின்னரே அவர் ஆயுதத்தை வைத்தார். அவர் மறைந்திருந்த காலத்திலே அத்தீவின் குடிமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். அவரை வீரரென்று யப்பான் கொண்டாடியது. அதே ஆண்டு டிசம்பரில் மொரோத்தாய்த் தீவிலே காணப்பட்டவர் சுனியுவோ என்னும் தாய்வான் பழங்குடியினர். நக்கமுரா என்னும் யப்பானியப் பெயரோடு படையிற் பணியாற்றியவர். ஆளப்பட்ட நாட்டவராதலின் ஓய்வூதியத்துக்கு உரியரல்லர் எனப்பட்டு, முதலில் அவருக்குக் கிடைத்தது 68,000 யென் மாத்திரமே. போருக்கு அனுப்பும்போது மூவரையும் ஒரே பேரரசின் வீரரென்றனர்; மீண்டபோது மூவரும் மூவேறு மனிதராயினர்.

கட்டுப்பாடின்றிப் படையில்லை, பணிவின்றிக் கட்டுப்பாடில்லை, ஆதலின் நீவிர் கூறுவது படையின் ஆணிவேரையே அறுப்பதாகும் என்று ஆன்றோர் சிலர் மறுக்கக்கூடும். மறுப்பு வலியுடையதே. பணியக் கற்பித்தல் தவறென்று நாம் சொல்லவில்லை. பணிவுக்கு எல்லையும் கற்பித்தல் வேண்டும் என்கிறோம். வில்லை வளைத்து நாணேற்றக் கற்றவன், போர் முடிந்ததும் அந்நாணைக் கழற்றவும் கற்றிருத்தல் வேண்டும். ஏற்றிய நாணைக் கழற்றாது வைத்த வில் வலியிழந்து கெடும். அதனை அறிந்த வில்லாளன் ஆயுதத்துக்குக் காட்டும் பரிவை, மனித உள்ளத்துக்கு நாம் காட்டவேண்டாவோ?

1942 ஏப்ரிலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அப்போர் நம்மையும் வந்து தொட்டது. 2009ஆம் ஆண்டிலே நமது மண்ணின் போரும் முடிந்தது. போரிலிருந்து மீண்டோர், விரும்பிச் சென்றோராயினும் வலிந்து கொண்டுசெல்லப்பட்டோராயினும், நமது தெருக்களிலே நடமாடுகின்றனர். அவருட் சிலர் நிலவறைகளைத் தம் நெஞ்சினுள்ளே தோண்டி வைத்திருக்கின்றனர். அவர்க்குத் தொழில் கொடுப்பார் சிலர். பெண் கொடுப்பார் அரியர். நேற்று என்ன செய்தாய் எனக் கேட்பார் பலர். நாளை என்ன செய்யப்போகின்றாய் எனக் கேட்பார் மிகச் சிலர். குவாம் காட்டிலே ஒருவரை இருபத்தெட்டு ஆண்டுகள் அடைத்துவைத்த வெட்கத்தை நமது வீதிகளிலே நாமே வளர்த்தல் ஆகாது.

இவ்விடத்திலேதான் கல்லூரியின் பணி தொடங்குகின்றது. பழைய மாணவராகிய நாம் பொருளீட்டிக் கட்டடம் எழுப்பித் தருகின்றோம், நன்று. அக்கட்டடத்தினுள் மாணவன் கற்பவற்றுள் இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்று, கையால் ஒரு தொழிலைச் செவ்வையாகச் செய்யும் ஆற்றல்; எந்தக் காட்டில் விடப்பட்டாலும் அவனை மனிதனாக வைத்திருப்பது அது. மற்றொன்று, தோல்வியிலும் உயிரோடு மீள்வது இழிவன்று என்னும் தெளிவு. ஓட்டப்பந்தயத்தில் தோற்ற பிள்ளையும் பரீட்சையிற் சித்தியடையாத பிள்ளையும் மறுநாள் தலைநிமிர்ந்து வகுப்புக்கு வரத்தக்க பள்ளியே அத்தெளிவைக் கற்பிக்கும் பள்ளி. ஆசிரியர் ஒருவர் அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து அருகில் இருத்துவாராயின், அஃது எந்த ஒழுக்கக் கோவையினும் ஆழமாக அவன் நெஞ்சிற் பதியும்.

வென்றவர்க்கு மாலை சூட்டுதற்கு நமது கல்லூரி என்றும் தவறியதில்லை. மீண்டவர்க்கு வாயிற்கதவைத் திறந்து வைத்தற்கும் தவறாதிருப்பதாக.