வேடம் போடும் புரதம்

முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மஞ்சள் பூத்த கண்ணோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "எந்தத் தெருக் குழாய்த் தண்ணீர்?" என்றுதான். (கீழாநெல்லிக்கு ஓடுகிற அவசரத்தில் பலர் பதிலே சொல்வதில்லை.)

சாக்கடை கலந்த தண்ணீரில் வந்து காமாலை தரும் ஹெபடைடிஸ் ஈ வைரஸின் சரக்கு அற்பம்: சுமார் 7,200 எழுத்துள்ள ஆர்.என்.ஏ., மூன்று முக்கியப் புரதங்கள். அதை வைத்துக் கல்லீரல் செல்லுக்குள் அது நடத்தும் குடித்தனம் இருக்கிறதே! ஒரு புரதம் நகலெடுக்கிறது. ஓ.ஆர்.எஃப் 2 என்ற புரதமோ இரட்டை வேடக்காரன். கொஞ்சம் வைரஸுக்கு ஓடாகிறது. மிச்சம் சர்க்கரை பூசிக்கொண்டு, உள்ளே வைரஸே இல்லாமல், ரத்தத்தில் உலவுகிறது. நம் எதிர்ப்பொருள்கள் இந்தச் சோளக்கொல்லைப் பொம்மையைப் பிடித்து ஏமாறுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பொடியனான ஓ.ஆர்.எஃப் 3, செல்லின் சொந்தக் கடத்தல் ஏற்பாட்டையே வளைத்து, வைரஸுக்குக் கொழுப்புச் சவ்வைப் போர்த்தி வெளியே அனுப்புகிறது. பித்தநீரில் அந்தப் போர்வை கழன்றுவிடும். மலத்தில் வருவது வெற்றுடம்பு வைரஸ்.

1955இல் டெல்லியில் யமுனையின் போக்கு மாறி, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டினார்கள். பாக்டீரியா நோயான டைபாய்டு பெருகவில்லை, மஞ்சள் காமாலை மட்டும் சுமார் 29,000 பேருக்கு வந்தது. காரணம் இந்த வைரஸ்தான். இந்நோயில் சாவு அபாயம் அதிகம் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு.

இன்றும் பாக்டீரியா இல்லையென்று சீட்டு வந்தால் போதும், தண்ணீர் நல்லது என்கிறோம். எனக்கு அந்தச் சீட்டில் நம்பிக்கை இல்லை. ஒரு தெருவில் இரண்டு பேருக்குக் காமாலை வந்தால், அன்றே குடிநீர்க் குழாயும் சாக்கடையும் உரசும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள்.