வீட்டு புரோக்கர் யார் பக்கம்? டோக்கன் கொடுக்குமுன் யோசியுங்கள்!

சாயந்திரம் ஆறு மணிக்கு சைதாப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரெயிலை விட்டு இறங்குகிறவர்களில் நாலு பேரை நிறுத்துங்கள். "வீட்டு புரோக்கரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று பேர் திட்டுவார்கள். நாலாவது ஆசாமி பேசாமல் போவார். அவருக்குச் சொந்த வீடு இருக்கும்!

திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தப்பு முழுவதும் புரோக்கர் தலையில்தான் என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. மேடவாக்கம் பக்கம் ஒரு பழைய பிளாட் பார்க்கப் போனார். புரோக்கர் நல்ல மனுஷர்தான். தன் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், தங்கமான வீடு. நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. இன்னைக்கே ஒரு லட்சம் டோக்கன் போட்டுடுங்க" என்றார்.

நண்பர் மறுநாள் வரை பொறுக்கவில்லை. ஒரு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டார். ரசீது என்று வாங்கியது ஒரு துண்டுச் சீட்டு.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீடு செத்துப்போன அப்பா பேரில் இருக்கிறது. வாரிசு மூன்று பேர். பணம் வாங்கியவர் மூத்தவர் மட்டும். தங்கை கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார்! கொடுத்த பணம் எட்டு மாதம் இழுத்தடித்து, பத்தும் ஐந்துமாக வந்தது. 15 ஆயிரம் இன்னும் பாக்கி.

புரோக்கரிடம் போய்ச் சண்டை போட்டார். "பணம் வாங்கினது ஓனர் சார். நான் என்ன பண்ணட்டும்? வீட்டைக் காட்டுன்னீங்க, காட்டினேன்" என்றார் அவர்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் தப்பு இல்லை!

கணக்கைப் பாருங்கள்

புரோக்கருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பேரம் முடிந்தால்தான் காசு. முடியாவிட்டால் பெட்ரோல் செலவும் கைநஷ்டம். அப்படிப்பட்டவரிடம் போய், "இந்த வீட்டை வாங்கலாமா?" என்று கேட்பது, ஜவுளிக் கடைக்காரரிடம் "இந்தப் புடவை நல்லா இருக்கா?" என்று கேட்பது மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீடு 50 லட்ச ரூபாய். கமிஷன் நூற்றுக்கு 2 என்று வையுங்கள். அவருக்கு 1 லட்சம். நீங்கள் பேரம் பேசி 45 லட்சத்துக்கு முடித்தால் உங்களுக்கு 5 லட்சம் மிச்சம். அவருக்கோ 10 ஆயிரம் நஷ்டம்! விற்கிறவரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறார். உங்களுக்காக அவர் ஏன் தொண்டை கிழியப் பேசவேண்டும்?

அதனால் முதல் வீட்டைப் பார்க்குமுன்பே கமிஷனைப் பேசிவிடுங்கள். சதவீதம் வேண்டாம், மொத்தமாக இவ்வளவு என்று சொல்லுங்கள். "ஓனர் சொல்ற விலையில ஒவ்வொரு லட்சம் குறைச்சுக் கொடுத்தாலும் உங்களுக்கு 5 ஆயிரம் கூட" என்று சொல்லிப் பாருங்கள். ஆள் உங்கள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்! பேசியதை ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் அவமானம் இல்லை.

யாரைப் பிடிப்பது?

செல்போனில் "புரோக்கர் இல்லை, நேரடி ஓனர்" என்று விளம்பரம் வரும். கூப்பிட்டால் பேசுகிறவர் புரோக்கராக இருப்பார். அதை விடுங்கள்.

புது அடுக்குமாடி என்றால் ஒரு பிடிமானம் உண்டு. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு செய்திருக்கவேண்டும். நம்பரைக் கேளுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். நம்பர் கேட்டதும் முகம் மாறுகிறதா? அப்படியே எழுந்து வந்துவிடலாம்.

பழைய வீட்டுக்கும் வாடகைக்கும் அந்தப் பதிவு கட்டாயமில்லை. அங்கே தெருதான் சர்டிபிகேட் கொடுக்கவேண்டும். அதே பேட்டையில் பத்து வருஷமாகத் திரிகிற ஆள்தானா? டீக்கடையில் அவரைத் தெரியுமா? கடைசியாக அவர் முடித்துக் கொடுத்த இரண்டு வீடு எது என்று கேளுங்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். எனக்கு ஒரு சோதனை உண்டு. "இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்று ஒரு வீட்டையாவது சொல்கிற புரோக்கரை நான் நம்புவேன்.

தண்ணீர் சமாசாரத்தை அவரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். "2015-லே வெள்ளம் எதுவரைக்கும் வந்தது? 2023 டிசம்பர் புயலிலே?" என்று கேட்டால், அவர் வாயால் சொல்லமாட்டார். சுவரில் கையை வைத்துக் காட்டுவார்! கோடையில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் கண்டிப்பாகக் கேட்கவேண்டும்.

காகிதம் உங்கள் வேலை

புரோக்கர் "எல்லாம் கிளியர் சார்" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று இல்லை. ஓனர் அவரிடம் சொன்னதை அப்படியே நம்மிடம் சொல்கிறார்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். முப்பது வருஷத்துக்குப் பாருங்கள். அதிலும் எல்லாம் தெரிந்துவிடாது. பதிவாகாத ஒப்பந்தம், பதிவாகாத உயில் அதில் வராது. தாய்ப் பத்திரத்தின் அசலைப் பார்க்கவேண்டும். ஜெராக்ஸ் உதவாது. பத்திரத்தில் பேர் இருப்பவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று எங்கே, எத்தனை பேர், எல்லோரும் சம்மதமா என்று கேளுங்கள். நம் குமாஸ்தா இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்!

வக்கீல் உங்கள் வக்கீலாக இருக்கட்டும். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம்.

கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக 'பவர்' எழுதித் தருகிறேன், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள். அப்படி வாங்கினால் சொத்து உங்களுடையது ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

டோக்கன் பணமும் பேங்க் வழியாகத்தான் போகவேண்டும். வீடு, மனை விற்பனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அபராதம். இதைச் சொல்லியே நீங்கள் செக் கொடுக்கலாம்.

வாடகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு மாத வாடகை கமிஷன் என்பது இப்போது சென்னையில் வழக்கமாகிவிட்டது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற வார்த்தையில்தான் வீட்டுக்காரர்கள் பிழைக்கிறார்கள்!

'லீஸ்' என்றால் இன்னும் உஷார். நடுவில் நிற்கும் ஆள் உங்களிடம் 5 லட்சம், 10 லட்சம் வாங்கிக்கொண்டு, ஓனருக்கு மாத வாடகை மட்டும் கட்டுவான். ஒரு நாள் ஆளைக் காணோம். ஓனர் வந்து, "யார் நீங்கள்?" என்பார். போலீஸ் வரை போன சங்கதி இது. ஓனர் முகத்தைப் பார்க்காமல், அவர் கணக்கில் போடாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

நாம் செய்யும் அநியாயம்

சனிக்கிழமை புரோக்கர் வெயிலில் பத்து வீடு காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை நாம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓனரிடம் நேராகப் போய், "புரோக்கர் இல்லாம முடிச்சுக்கலாமா?" என்கிறோம். கமிஷன் மிச்சமாம்! இது திருட்டு இல்லாமல் வேறென்ன? நாலு தடவை இப்படி ஏமாந்தவர் ஐந்தாவது ஆளிடம் டோக்கனை அவசரமாகப் பிடுங்காமல் என்ன செய்வார்?

நம் குமாஸ்தா மறுபடியும் வீடு தேடினார். இந்தத் தடவை அந்தத் தெருவிலேயே இருபது வருஷமாக இருக்கும் ஒரு பெரியவர். கமிஷன் மொத்தம் 60 ஆயிரம், குறைக்கும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 5 ஆயிரம் என்று முதல் நாளே பேசினார்கள். பெரியவர் இரண்டு வீட்டை "வேணாம் தம்பி" என்று தள்ளினார். மூன்றாவதில் 3 லட்சம் குறைத்துக் கொடுத்தார். பத்திரம் பதிந்த அன்று, சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே நண்பர் 75 ஆயிரத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார். பெரியவர் எண்ணிப் பார்க்கவில்லை. "நாலு பேர்கிட்ட என் பேரைச் சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பழைய 15 ஆயிரம் இன்னும் வரவில்லை.