விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்

‘அந்தக் காலத்துப் பொருள் உழைத்தது, இந்தக் காலத்துப் பொருள் இரண்டு ஆண்டுகூடத் தாங்குவதில்லை’ என்ற பேச்சு கேளாத வீடில்லை. அதில் பாதி உண்மை, பாதி மயக்கம்.

முப்பது ஆண்டுகளாக ஓடும் மின்விசிறி நம் கண்ணில் படுகிறது. அதனுடன் வாங்கப்பட்டு, பத்தே ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போனவை படுவதில்லை. எஞ்சியவற்றை மட்டும் எண்ணுவது கணக்காகாது.

உண்மையான பாதி வேறிடத்தில் இருக்கிறது. 1982-இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது, ஒரு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தை விழுங்கியது. ஆகவே, கெட்டால் பழுதுபார்த்தார்கள். பெரும்பாலான உறுப்புகளைத் தனித்தனியே மாற்றவும் முடிந்தது. இன்றோ பல கருவிகளின் கட்டுப்பாடு முழுவதும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அடங்கிவிட்டது. சில ரூபாய் பெறும் மின்தேக்கி கெட்டாலும் பலகையையே மாற்றச் சொல்கிறார்கள். அதன் விலையைக் கேட்டவர் புதிய கருவியே வாங்கிவிடுகிறார். பழையவை நெடுநாள் உழைத்தது கெடாததால் மட்டுமன்று, திருத்த முடிந்ததாலும்தான்.

அதற்காகப் பழையதையே பிடித்துக்கொண்டிருப்பதும் சிக்கனமாகாது. பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் எடுக்கும். புதிய பிஎல்டிசி வகைக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 200 யூனிட் மிச்சமாகும்.

எனவே, வயதைவிட ஆண்டுச் செலவே சரியான அளவுகோல். 12,000 ரூபாய்க்கு வாங்கிய சலவை இயந்திரம் நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 20,000 ரூபாய் இயந்திரம் பத்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான். மலிவானது எது?

கடன் கணக்குகளை நாள்தோறும் பார்ப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஓராண்டு உத்தரவாதமுள்ள பொருளை 24 மாதத் தவணையில் வாங்கினால், பொருள் மூலையில் கிடக்க, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிலை வரலாம். தவணைக் காலம் உத்தரவாதக் காலத்தைத் தாண்டாதிருப்பது நல்லது.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்ப்பு உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆனால், கடையில் நிற்பவர் கண்ணெதிரே இருப்பது பெட்டிதான். மின்செலவை நட்சத்திர முத்திரை காட்டுவதுபோல, உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்பதையும் பெட்டியின் மீதே அச்சிடச் செய்ய வேண்டும். அதுவரை அந்தக் கேள்வியை, பணம் செலுத்தும் முன் நாமே கேட்போம். விடை சொல்லத் தயங்கும் கடையில், தள்ளுபடி எவ்வளவு பெரிதாயினும், பணப்பையைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.