பழம்பிழையும் பாடபேதமும்

1996-ஆம் ஆண்டு யப்பானில் ‘கேம்பாய்’ என்னும் கைக்கருவிக்கென வெளிவந்தது ‘போக்கிமான்’ விளையாட்டு. அதன் போர்நிரலில் ஒரு பிழை உண்டு. கடுந்தாக்கு நிகழும் வாய்ப்பை நான்கு மடங்காக்க வேண்டிய உத்தி, அதனை நான்கில் ஒன்றாக்கிவிடுகிறது. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தமையே காரணம். ஆர்வலர் சிலர் அந்நிரலை ஆராய்ந்து, படிக்கத்தக்க வடிவில் எழுதி வைத்துள்ளனர்; எனவே, நிரல் பயின்ற மாணவரும் இன்று அதனைத் திருத்தலாம்.

திருத்துக, தடையில்லை. ஆயின், மூலத்தை அழித்துவிட்டுத் திருத்துதல் முறையன்று. பிழையும் வரலாறே. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியன்றோ பாடம் துணிந்தார்! பாடபேதங்களைக் குறித்துவைக்கும் நெறி நம் பதிப்புலகில் வேரூன்றியதும் அத்தகையோரால் அன்றோ!

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தை நோக்குக. ரதி மதன் வாதப் பாடல்கள் வாய்மொழியாய் வழங்குவன, பாடுவோர்தோறும் வேறுபடுவன. எழுதப்படாத பாடம் பாடிய முதியவரோடே மறைகிறது. நிரலின் பழைய வரியைப் பேணக் கற்ற நம் மலையக இளைஞர், பாட்டனார் பாடலையும் திருத்துமுன் உள்ளவாறே எழுதி வைப்பாராக. திருத்தம் பின்னர் வரலாம். இழந்த மூலம் மீண்டும் வாராது.