சீமைக்கருவேலம்: வெட்ட வெட்ட முளைப்பது ஏன்? அகற்றிய பிறகு என்ன செய்யணும்?

கண்மாய்க்குள் ஜேசிபி இறங்குது. சில நாளில் சீமைக்கருவேலம் மொத்தமும் காலி. ஆனா, ஒரு மழை பெய்ததும் அதே இடத்தில் பழையபடி முளைச்சு நிக்குது. தென் மாவட்டங்களில் பலரும் பார்த்துப் பழகிய காட்சி இது. எங்கே தப்பு நடக்குது?

எப்படி வந்தது?

மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்த மரத்தின் விதைகள், 1877-ல் ஜமைக்காவிலிருந்து அன்றைய மதராஸ் மாகாணத்துக்கு வந்தன. வறண்ட நிலத்திலும் விறகு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. குஜராத்தின் பன்னி புல்வெளியில், உப்பு நிலம் பரவுவதைத் தடுக்க 1961-ல் வனத்துறையே இதைப் பரப்பியது. இன்று அங்குள்ள மக்கள் இதை 'காண்டோ பாவல்', அதாவது 'பைத்தியக்கார வேலம்' என்கிறார்கள். நம்ம கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியையும் இதே மரம்தான் பிடித்து வருகிறது.

ஏன் அழிவதில்லை?

* இனிப்பான காய்களை ஆடு, மாடு தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழும். முளைக்க உரமும் கூடவே ரெடி.
* ஓடையில் வரும் வெள்ளம் விதைகளை அடுத்தடுத்த கண்மாய்க்குக் கொண்டுபோகும்.
* தரையோடு வெட்டினால், தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும்.
* மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் பல ஆண்டுகள் காத்திருக்கும். இயந்திரம் மண்ணைக் கிளறி, வெயிலும் பட்டால் அவை முளைக்கும்.

அதாவது, அகற்றும் வேலையே அடுத்த தலைமுறைக்கு இடம் ஒதுக்கித் தருது.

எது உண்மை, எது வதந்தி?

'காற்றின் ஈரத்தை உறிஞ்சும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆழமாக இறங்கும் வேர் நிலத்தடி நீரை எடுப்பதும், அடர்ந்த புதர் வரத்துக் கால்வாயை அடைப்பதும், கீழே புல் வளர முடியாமல் போவதும் உண்மை.

அரசும் நீதிமன்றமும்

2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றவும், சூழலை மீட்டெடுக்கவும் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

சிக்கல் பணத்தில்தான். ஏலம் எடுப்பவருக்கு விறகு லாபம். தூரைத் தோண்டுவது செலவு. வெட்டிய இடத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் கவனிக்க யாருக்கும் பொறுப்பு கிடையாது.

இன்னொரு பக்கம், ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கு. மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிவது இந்த மரத்தால்தான். அவர்களுக்கு மாற்று வேலை சொல்லாத திட்டம் பாதியில் நின்றுவிடும்.

என்ன செய்யலாம்?

காய் பழுக்கும் முன்பே, தூரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதுக் கன்றுகளைக் கையால் களையெடுக்க வேண்டும். ஓடைக்கரையில் நீர்மருது, நாட்டுக் கருவேலம் நடலாம். புல்வெளியில் மரம் நடுவது மருந்தல்ல. அங்கே கொழுக்கட்டைப் புல் போன்ற நாட்டுப் புல் விதைக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கா 1995-லேயே 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டத்தில், அந்நிய மரங்களை அகற்றுவதை ஏழைகளுக்கான கூலி வேலையாக மாற்றியது. கரிமூட்டத் தொழிலாளர்களுக்கே களையெடுக்கும் வேலையைக் கொடுத்தால், இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும்.

உங்க ஊர் கண்மாயில் மரம் வெட்ட ஏலம் நடந்தால், ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: "தூரை யார் எடுப்பாங்க, அடுத்த வருஷம் களை யார் எடுப்பாங்க?"