மடை யார் கையில்?

பனமலை ஏரியின் கீழ் நாற்று நடும் உழைப்பாளிக்கு முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கடைமடைக்கும் தண்ணீர் எட்ட வேண்டுமானால் முறை வேண்டும். அந்த முறையை வகுப்பவர் யார், யாருடைய நன்மைக்காக வகுக்கிறார் என்பதே கேள்வி. இன்று நமது செல்போனுக்குள்ளும் இதே கேள்வி எழுந்திருக்கிறது.

சமூக வலைத்தளங்களில் மனிதர்கள் மட்டும் செய்தி போடவில்லை. மழை எச்சரிக்கையையும் ரயில் தாமதத்தையும் கம்ப்யூட்டர் நிரல்கள் தாமாகவே வெளியிடுகின்றன. அவை நுழையும் வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அங்கே 15 நிமிடத்துக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று கோரிக்கைகளுக்குக் கணக்கு உண்டு. மீறினால் 429 என்ற எண்ணோடு திருப்பி அனுப்புவார்கள். கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வரம்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒருவரே லட்சக்கணக்கில் கோரிக்கைகளைக் கொட்டினால் மற்றவர்களுக்கு வழி அடைபடும். ஆகவே நிரல் எழுதும் நமது வாலிபத் தோழர்கள் மிச்சக் கணக்கைப் பார்த்தே கேட்க வேண்டும். ஒருமுறை பெற்றதைச் சேமித்து வைக்க வேண்டும். 429 வந்த பின்னும் கதவை இடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஆனால் 2023ல் நடந்தது என்ன? முந்திய ஆண்டு ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கிய எலான் மஸ்க்கின் கம்பெனி, இலவச வாசலைச் சுருக்கியது. மாதம் 1,500 பதிவு இலவசம். அதற்கு மேல் மாதம் 100 டாலரிலிருந்து கட்டணம். முறை வைத்த மடை சுங்கச் சாவடியாயிற்று! எல்லா எச்சரிக்கைகளையும் இனித் தானாக வெளியிட முடியாது என்று அமெரிக்க வானிலைத் துறையின் கிளைகள் அறிவித்தன. நியூயார்க் ரயில், பஸ் நிர்வாகம் அங்கே அறிவிப்புகளை நிறுத்தியது. கண்டனம் கிளம்பிய பிறகே, மே மாதத்தில், பொதுச் சேவை எச்சரிக்கைகளுக்கு விலக்கு அளித்தார்கள். ஜூலையிலோ, சாதாரணக் கணக்குக்கு நாளைக்கு 600 பதிவுகள்தான் படிக்கலாம் என்று சில மணி நேரம் உத்தரவு நடந்தது. பின்னர் அதை உயர்த்தினார்கள்.

அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் பாய்ந்தது. தென்பெண்ணைக் கரையின் குடிசைகளில் உறங்கியவர்களுக்கு ஒரு மணி நேர முன்னறிவிப்பு என்பது உயிருக்குச் சமம். அதை ஒரு முதலாளியின் கட்டண விகிதத்துக்கு அடகு வைக்க முடியுமா?

எனவே நாம் கோருகிறோம்: மழை, அணை நீர் விவரங்களைச் சர்க்கார் தனது சொந்த வாசலில், கட்டணமின்றி, தமிழில் தர வேண்டும். தனியார் வலைத்தளம் துணையாக இருக்கட்டும். அதையே நம்பியிருக்கக் கூடாது. குறுஞ்செய்தி, வானொலி, ஒலிபெருக்கி, தண்டோரா எல்லாம் சேரிவரை எட்ட வேண்டும். கம்பெனிகள் வரம்பை மாற்றுமுன் பகிரங்கமாக அறிவிக்கச் சட்டம் வேண்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு கிராம சபையிலும், ஒவ்வொரு ஆலை வாயிலிலும் இக்கோரிக்கையை எழுப்புவோம்!