முயல்கள் தின்று தீர்த்த செடி... மறுபடி முளைத்தது எப்படி? குட்டித் தீவின் கதை!

மொத்தப் பரப்பே சுமார் 2.6 சதுர கிலோமீட்டர்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் இருக்கும் சான்டா பார்பரா தீவு அது. அங்கே மட்டுமே இயற்கையாக வளரும் ஒரு செடி இருக்கிறது. 1970 வாக்கில் 'அவ்வளவுதான், அழிந்துவிட்டது' என்று அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

பெயர் டட்லியா ட்ராஸ்கியே. மொட்டை மாடியில் சக்குலன்ட் வளர்ப்பவர்களுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போகும். ரோஜா இதழ் மாதிரி அடுக்கடுக்காகச் சதைப்பிடிப்பான இலைகள், மஞ்சள் பூக்கள். இந்தச் செடி வகைக்கு ஆங்கிலத்தில் 'என்றும் வாழும்' என்று பொருள்படும் பெயர் வேறு!

முயலுக்கு என்ன கோபம்?

கோபமெல்லாம் இல்லை, தாகம்தான். தீவில் நிரந்தர நன்னீர் கிடையாது. சக்குலன்ட் இலையில் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் முயல் அந்தத் தீவுக்குச் சொந்தமே இல்லை, மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. முன்பே விவசாயம், ஆடு மேய்ச்சல் என்று நிலம் நொந்து கிடந்தது. 1959-ல் தீ விபத்து வேறு.

முயல் எட்ட முடியாத செங்குத்துப் பாறைச் சரிவுகள்தான் செடியைக் காப்பாற்றின. 1975-ல் சில செடிகள் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1978-ல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1981-க்குள் முயல்கள் முழுவதும் அகற்றப்பட, செடி மெல்ல மெல்லப் பெருகியது. பக்கம் பக்கமாகத் திட்டம் போட்டதைவிட, முயலை வெளியேற்றிய அந்த ஒரே வேலைதான் பலன் கொடுத்தது எனலாம்.

அப்போ இனி ஆபத்து இல்லையா?

இருக்கிறது. ஒரே தீவு என்பதால் ஒரு பெரிய தீ போதும், கதை முடிந்துவிடும்.

இன்னொன்று, திருட்டு. கலிஃபோர்னியா கடலோரப் பாறைகளில் வளரும் இதன் உறவுச் செடிகளைப் பெயர்த்து, ஆசிய நாடுகளுக்குக் கடத்தும் கும்பல்கள் உண்டு. 2018-ல் மட்டும் ஒரே வழக்கில் 2,000-க்கும் அதிகமான செடிகள் சிக்கின. பல செடிகளை மறுபடி பாறையிலேயே நட்டார்கள்.

இதனால் 2021-ல் கலிஃபோர்னியா தனிச் சட்டமே கொண்டுவந்தது. திருட்டின் அளவைப் பொறுத்து, ஒரு செடிக்கு 5,000 டாலரில் தொடங்கும் அபராதமும் சிறையும் கிடைக்கலாம். நர்சரியில் விதை போட்டு வளர்த்த டட்லியாவை விற்கத் தடையில்லை. சிக்கல் என்னன்னா, ஆன்லைனில் போட்டோவைப் பார்த்து வாங்குபவருக்கு அது நர்சரிச் செடியா, பாறையில் பிடுங்கியதா என்று எப்படித் தெரியும்?